எட்டறை மாடம் எழுந்த படலம்

இந்தக் காலத்து மனிதர்களிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள். யாராவது கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, ஐம்பது வருடத்துக்கு முந்தைய நினைவைச் சொல்லுங்கள் என்றால் மட்டும் மூடாத குழாய் மாதிரிக் கொட்டுகிறார்கள். இவ்வளவும் எங்கிருந்து வருகிறது, மேலே தொட்டி ஏதாவது இருக்கிறதா என்று ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், யார் என்ன சொன்னாலும் பாதிதான் எடுத்துக்கொள்வேன். அந்தப் பாதியையும் இரண்டு நாள் ஆறப்போட்டுத்தான் தொடுவேன்.

போகட்டும். பாடவேண்டியதைப் பாடித்தானே ஆகவேண்டும்.

வாழ்க கொத்தனார்! நூல்பிடி நெடுந்தகை வாழ்க! சுண்ணாம்பு தின்று வெளுத்த விரலும் சிமெண்டு குடித்துத் தடித்த நகமும் உடையோன், வலக்காதில் பென்சிலும் இடக்காதில் பாதி சிகரெட்டும் தாங்கிய செவியழகன், கோணல் சுவர் கண்டால் அது யார் வீட்டுச் சுவராயினும் வாசலில் நின்றே வசைமாரி பொழியும் வாய்மறவன், எழுபது பிராயத்திலும் சாரத்தின் உச்சிக்குச் சிங்கமென ஏறி, இறங்குகையில் மட்டும் யாராவது பிடியுங்களடா என்று அலறும் பேராண்மையோன் வாழ்க!

ஈயத்தால் ஆகிய தூக்குக்குண்டே, புவிமகளின் நடுநெஞ்சை நோக்கித் தொங்கும் பொய்யறியாப் பெருந்தெய்வமே, இக்கதை கோணாதிருக்க நீயே காப்பு. ரசமட்டத்துள் உலவும் குமிழியே, அங்குமிங்கும் ஓடாமல் சற்றே நடுவில் நில். பாடுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது.

அவனும் நானும் வாழ்ந்த இடத்தைச் சொல்வேன். ஒரு காலத்தில் அங்கே ஓர் ஆணிக் கம்பெனி இருந்தது. கம்பெனிக்காரர்களுக்கென்று ஆறு வரிசை வீடுகள், வரிசைக்குப் பத்தாக அறுபது வீடுகள், வீட்டுக்கொரு அறை, அறைக்கு ஏழெட்டுப் பேர். கம்பெனியை மூடிப் பல காலம் ஆயிற்று. வீடுகள் மாடியேறிவிட்டன. நடுவில் மிஞ்சியது ஒரு வெற்றுமைதானம். துருப்பிடித்த இரும்புத்தூள் கொட்டிக் கொட்டிச் செம்மண்ணைவிடச் சிவந்துபோன நிலம். அதில் புல்கூட முளைக்க யோசிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பெரிய மரம் வரப்போகிறது.

அந்த மைதானத்தின் நடுவே, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர், இருபத்துநான்கு வயதுக் காளையாகிய நம் கொத்தனார் எழுப்பினான் ஒரு மாடம். எட்டு அறைகள் உடைத்து அம்மாடம். மாதர்க்கு நான்கு, மைந்தர்க்கு நான்கு. முதுகோடு முதுகொட்டி நிற்கும் போர்வீரர் போல இருவரிசையும் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்து நின்றன. தலைமாட்டில் வான்மழையும் குழாய்நீரும் ஏந்திய தொட்டியொன்று மணிமுடி எனத் திகழ்ந்தது. வைகறைதோறும் வாளியேந்திய பெருஞ்சேனை அதன் வாயிலில் அணிவகுத்து, ‘சீக்கிரம் வாங்க’, ‘உள்ள தூங்கறீங்களா’ என்று முழங்கியது. சுருக்கமாகச் சொன்னால், பொதுக் கக்கூஸ்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த அறுபது வீட்டுப் பெண்களும் விடிவதற்குள் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் முள்ளுக்குள் போய் வந்தார்கள். விடிந்துவிட்டால் அடுத்த இருட்டுவரை அடக்கிக்கொண்டு ஆணி எண்ணினார்கள். இதைச் சிரிக்காமல் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கொத்தனார் தன் ஆயுளில் பள்ளிக்கூடம் கட்டினான், பாலத்துக்குக் கல் சுமந்தான், பணக்காரர் மாளிகைக்கு மூன்று மாடி எழுப்பினான். அத்தனையிலும் கல்வெட்டில் இருந்தது காண்ட்ராக்டர் பெயர். இந்த ஒன்றுக்கு மட்டும் கல்வெட்டே கிடையாது, ஏனென்றால் இதில் பெயர் போட்டுக்கொள்ள எவனும் முன்வரவில்லை. காண்ட்ராக்டர் ஒரு லோடு செங்கல்லைக் கொட்டிவிட்டு, “எப்படியாவது கட்டித் தொலை” என்று போய்விட்டான். ஆகவே வரைபடம் கொத்தனாருடையது, மண்ணில் குச்சியால் கோடு போட்டவன் கொத்தனார், மண்ணுக்கடியில் போட்ட கடைக்கால் முதல் மேலே ஓடுவரை அவன் கை. வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கக்கூஸ் வந்த பிறகு, ஒரு காலை நேரத்தில் இயந்திரம் வந்து அரைமணியில் இடித்துவிட்டுப் போயிற்று. அவன் போய்ப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, இது என்னுடையது என்று விரல் நீட்டிக் காட்ட இந்த உலகத்தில் அவனுக்கு ஒரு சுவர் இல்லை. அவனுடைய வழக்கு இதுதான். வேறொன்றுமில்லை.

இவ்வாறிருக்க, வந்தாள் படக்காரம்மா. நிலத்தையே துணியாக விரித்து, கல்லையும் செங்கல்லையும் வண்ணமாகத் தீட்டி, மேலே பறக்கும் கேமராவின் ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி நூறடி ஓவியம் படைக்கும் வித்தகி. கையில் சுருட்டிய காகிதம், தலையில் அகன்ற தொப்பி, முகத்தில் எதைச் சொன்னாலும் “அருமை” என்கிற புன்னகை. கெட்டவள் என்று சொல்லமாட்டேன். யாருமே கெட்டவர்கள் இல்லாமல்தானே இந்த உலகம் இப்படி ஆகியிருக்கிறது.

குடியிருப்போர் சங்கத்து அறையில் கூட்டம் கூடியது. சுவர் முழுக்க வெள்ளைத்தாள். ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு. “உங்க நினைவுகள்தான் இந்தப் படத்தோட உயிர். மைதானத்துல முன்ன என்ன இருந்துச்சோ அதை எழுதி ஒட்டுங்க. வீட்டுக்கு ஒரு செங்கல் கொண்டுவந்து அதையே நாம நிலத்துல வரையப்போறோம்” என்று பிரகடனம் செய்தாள் படக்காரம்மா.

 மைதானத்தில் என்ன இருந்தது என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் அதில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்போதுதான் தையல்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“ஒரு மரம் இருந்துச்சுல்ல?”

இல்லை. இருந்ததே இல்லை. ஆனால் மூழ்குகிறவன் கையில் கிடைத்த கட்டை போல அறையே அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டது.

“ஆமா ஆமா, பெரிய மரம்!”

“அதுல கயிறு கட்டி ஆடுவோமே!”

“அதுக்குக் கீழ உக்காந்துதான் நான் பத்தாவது படிச்சேன்.” அவன் பத்தாவது மூன்று தடவை எழுதியவன். மரம் சரியில்லை போலும்.

ஒருவர் மாமரம் என்றார், ஒருவர் வேம்பு என்றார், ஒருவர் பூப்பூக்கும், பெயர் மறந்துவிட்டது என்றார். மஞ்சள் சீட்டுகள் இலையாய்த் தளிர்த்துச் சுவரையே மூடின. அந்தக் காட்டின் நடுவே தனியொரு சீட்டு, பெரிய பெரிய எழுத்தில், ‘கக்கூஸ். எட்டு ரூம். நான் கட்டினது’ என்று நின்றது.

அதைக் கண்டான் லெட்டர்பேடு.

பகைவன் பெருமையும் பாடினால்தானே தலைவன் பெருமை விளங்கும்? ஆகவே கேளுங்கள். சங்கத்தின் செயலாளன், ஜெராக்ஸ் கடை வேந்தன், எதைக் கேட்டாலும் தன் பெயர் அச்சடித்த தாளிலேயே பதில் எழுதித் தருவதால் லெட்டர்பேடு என்னும் விருதுப்பெயர் பூண்டோன், கொத்தனார் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. ஒரு காலத்தில் தினமும் காலை ஆறுமணி வரிசையில் வாளியோடு நின்று கால்மாற்றிக் கால்மாற்றிக் குதித்தவனும் அவனே. அவன் அந்தச் சீட்டைப் பட்டென்று உரித்து, நான்காய் மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“மச்சான், நாலு பேர் பாக்கற படம். அதுல போய் இதை வரைவாங்களா? நமக்குன்னு ஒரு பாரம்பரியம் வேண்டாமா?”

“இருந்ததைத்தானடா சொன்னேன்.”

“இருந்ததெல்லாம் பாரம்பரியம் ஆயிடுமா? நல்லதா நாலு இருந்தா அதைச் சொல்லுங்க.”

“நல்லதா? முள்ளுக்குள்ள போய்க்கிட்டிருந்தா உன் அக்கா. அதை நிறுத்தினதைவிட என்னடா நல்லது?”

படக்காரம்மா தலையைத் திருப்பினாள். “ஐயா என்ன சொல்றாங்க?”

“மரத்துக்கு நிழல் அதிகம்னு சொல்றாரு மேடம்” என்றான் லெட்டர்பேடு.

“அருமை” என்றாள் படக்காரம்மா.

இவ்விதம் முதற்போரில் முறியடிக்கப்பட்ட மாவீரன், கவசம் கழன்று, கொடி சாய்ந்து, செருப்பு ஒன்று மாறி, இல்லம் புகுந்தான். மனையாட்டி சோறு போட்டாள். “எல்லாரும் மரம்னு சொல்றாங்க. நீங்களும் மரம்னு சொல்லிட்டுப் போங்களேன். உங்களுக்கு என்ன குறைஞ்சிடப்போவுது?” என்றாள். தனக்கு என்ன குறையும் என்று அவனுக்குத் தெரியும், சொல்லத் தெரியவில்லை. மோரை எடுத்துக் குடித்தான்.

ஆயினும் விதி, மாவீரர்களை முற்றாகக் கைவிடுவதில்லை. பாதி கைவிட்டுப் பாதி வேடிக்கை பார்க்கும். காகிதத்தில் கையகலம் இருந்த மரத்தை நிலத்தில் நூறடிக்கு விரிக்கவேண்டுமே, அதற்கு நூல் பிடிக்க, மூலைமட்டம் வைத்துச் சதுரம் பார்க்க, அந்த அறுபது வீட்டிலும் ஒரே ஒருவன்தான் இருந்தான். படக்காரம்மா தன் வாயாலேயே கேட்டாள்: “ஐயா, நீங்கதான் இதை மண்ணுல போட்டுத் தரணும்.”

வேட்டைக்காரன் கையில் வில்லைக் கொடுத்து, மானை நீயே மேய்த்துவா என்றது போல் ஆயிற்று.

மரம் எந்த இடத்தில் நின்றது என்று அவள் கேட்டபோது கூட்டமே ஒருமித்து மைதானத்தின் நடுவைக் காட்டியிருந்தது. பொய் சொல்கிறவன் கையும் பழகிய இடத்துக்குத்தான் நீளும். ஆகவே மரத்தின் அடித்தண்டு விழவேண்டிய இடம், எட்டறை மாடம் நின்ற அதே இடம். கொத்தனார் கடப்பாரையைத் தோளில் சாய்த்துப் புறப்பட்டான். ஓரடிக்கு ஓரடி மண்ணைக் குத்திக் காது கொடுத்தான். மெத்தென்றது, மெத்தென்றது, மெத்தென்றது. பிறகு ‘ணங்’ என்றது. பாதாளத்தில் உறங்கிய படைத்தலைவன் தன் மன்னனின் குரல் கேட்டு விழித்து உடைவாளைத் தட்டினாற்போல, நாற்பத்தாறு ஆண்டுக் கடைக்கால் கல் பதில் சொன்னது. இயந்திரம் சுவரைத்தான் தின்றிருந்தது, கீழே இருந்ததைத் தொடவில்லை. வீரன் அங்கேயே குந்தி, காதுச் சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்து, முழுசாகக் குடித்தான்.

பின்னர் அக்கடைக்கால் ஓடிய கோட்டின் மேலேயே மூலைக்கொரு முளைக்குச்சி அடித்தான், நூல் கட்டினான். தண்டுக்கு வெறும் இரண்டு கோடு போதாதா என்று கேட்ட படக்காரம்மாவிடம், “மரம்னா பட்டை வேணுமேம்மா. கட்டம் கட்டமா உள்ள செங்கல் வெச்சாத்தான் பட்டை மாதிரி தெரியும்” என்றான். இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம். நடுவில் ஒரே சுவர். “அருமை” என்றாள் அவள்.

அவ்வளவில் முடிந்திருந்தால் இது காவியம் ஆகாது, செய்தித்தாளில் நாலுவரி ஆகும். மூண்டது முளைக்குச்சிப் பெரும்போர்.

அதன் காரணம் கேளுங்கள். மைதானத்தின் சாலையோரம் லெட்டர்பேடு ஒரு பதாகை கட்டியிருந்தான். படக்காரம்மாவின் பெயர் பொடியெழுத்தில், சங்கத்தின் பெயர் நடுத்தர எழுத்தில், செயலாளர் பெயர் மட்டும் கண் தெரியாதவனும் தடவிப் படிக்கும் அளவில். மேலே பறக்கும் கேமரா மரத்தண்டை நடுவில் வைத்துத்தான் படம் பிடிக்கும் என்றாள் படக்காரம்மா. தண்டு இருக்கும் இடத்தில் இருந்தால் பதாகை படத்துக்குள் வராது. பன்னிரண்டடி சாலைப்பக்கம் நகர்ந்தால் வரும். பதாகையை நகர்த்தலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கம்பத்தைக் கான்கிரீட் போட்டு நட்டுவிட்டான்.

முதல்நாள், கொத்தனார் தேநீர் பருகச் சென்ற பொழுதில், குருதி குடிக்கும் கழுகு கூட்டிலிருந்து இறங்குவதே போல் ஜெராக்ஸ் கடையிலிருந்து இறங்கினான் செயலாளன். முளைகளைப் பிடுங்கிப் பன்னிரண்டடி தள்ளி நட்டான். திரும்பி வந்த வீரன் தூரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.  பிடுங்கினான், பழைய குழியில் அடித்தான், நூலைத் தட்டினான். அது வீணைநரம்பென ‘விண்’ என்றது.

இரண்டாம்நாள், வீரனின் மதியத் தூக்கத்தின்மேல் படையெடுத்தான் பகைவன். இம்முறை நாடா வைத்து அளந்தே நகர்த்தினான், படித்தவன் அல்லவா. மாலையில் முளைகள் தம் தாய்வீடு திரும்பின. இடையில் கல்லடுக்க வந்த பெண்கள், மரம் காலையில் ஓரிடத்திலும் மாலையில் ஓரிடத்திலும் நிற்கக் கண்டு, “இது நடக்கற மரமா இருக்கும் போல” என்று சொல்லி, செங்கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம்நாள் உச்சிவெயிலில் இருபெரும் வேந்தரும் நேருக்கு நேர் சந்தித்தனர். ஒரே முளைக்குச்சி. அதன் தலையைப் பற்றியது ஒரு கை, இடுப்பைப் பற்றியது மறு கை. மலையிரண்டு மோதினாற் போலவும், மதகரி இரண்டு தந்தம் பின்னினாற் போலவும், ஒரே பேருந்தின் கடைசி இருக்கைக்கு இருபுறமிருந்தும் துண்டு போட்டாற் போலவும் இழுத்தனர். துருமண் புகையெனக் கிளம்பிற்று. தையல்காரர் கத்திரியோடு ஓடிவந்தார், எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமலேயே நின்றார்.

“விடுங்க மச்சான், வயசுக்கு மரியாதை குடுக்கறேன்!”

“குச்சியைக் குடுடா, மரியாதையை நீயே வெச்சுக்கோ!”

“செயலாளர்டா நான்!”

“வாளியோட வரிசையில நின்னப்பயும் செயலாளரா நீ?”

அப்பொழுது வந்தாள் கொத்தனாரின் மனையாட்டி, ஈரக்கை முந்தானையில் துடைத்தபடி. ஒருபுறம் கூடப்பிறந்தவன், ஒருபுறம் கொண்டவன். இருவர் கையிலிருந்தும் முளையைச் சட்டென்று பிடுங்கினாள். கீழே பார்த்தாள். நாலடி நடந்தாள், அரையடி பின்னால் வந்தாள், குனிந்து குத்தி, பக்கத்தில் கிடந்த கல்லால் மூன்று போடு போட்டாள். கொத்தனார் மூன்று நாளாய்க் காத்த அதே குழி. ஒரு விரல்கூடத் தப்பவில்லை.

“எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் போயிருக்கேன்” என்றாள். தம்பியைப் பார்த்து, “இனிமே இதைத் தொட்டா உன்கூடப் பேசமாட்டேன்.” புருஷனைப் பார்த்து, “ஆனா மைக்கைக் குடுத்தா நான் மரம்னுதான் சொல்வேன். அதையும் கேட்டுக்கோங்க.”

போர் முடிந்தது. பகைவன் சட்டையை உதறிக்கொண்டு கடைக்குப் போனான்.

ஞாயிறு விடிந்தது. அறுபது வீட்டாரும் செங்கல் சுமந்து வந்தார்கள். பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்தது என்று சிலர். பக்கத்துக் கட்டடத்திலிருந்து எடுத்துவந்ததை அப்படிச் சொல்லிக்கொண்டு பலர். வெள்ளையடித்த கல்லில் கிளை விரிந்தது, உடைந்த ஓட்டில் இலை துளிர்த்தது, நடுவே சிவக்கச் சிவக்கச் செங்கல் தண்டு நிமிர்ந்து கிடந்தது. நிழலுக்குப் போட்ட கூடாரத்தில் ஒரு பெரிய திரை. பறக்கும் கேமரா வண்டுபோல இரைந்து எழுந்தது. பத்தடி, ஐம்பதடி, நூறடி. திரையில் மரம் தெரிந்தது. கூட்டம் ஆவென்றது. அடுத்த கணம் அந்த ஆ பாதியில் நின்றது.

ஏனென்றால் மரத்தின் நடுவில், யாரும் தப்பாக நினைக்க வழியில்லாத தெளிவோடு, எட்டு அறைகள். நான்கும் நான்கும். நடுச்சுவர். தலைமாட்டில் சதுரமாய்த் தொட்டிகூட இருந்தது, அதைப் பட்டை என்று எந்த வாயால் சொன்னானோ.

படக்காரம்மா தொப்பியைக் கழற்றினாள். “இது… ஏதோ வீடு மாதிரி இருக்கே? எட்டு வீடா?”

வந்தது வேளை! கொத்தனார் நெஞ்சு விம்மிற்று. நாற்பத்தாறு ஆண்டுகள் நாவடியில் கிடந்த சொல் எழுந்து நின்றது. அவன் ஓரடி எடுத்துவைத்தான், மைக்கை நோக்கிக் கை நீட்டினான், வாயைத் திறந்தான். அறுபது வீட்டாரின் முகமும் செத்துப்போய்க் கிடந்தது. இனி ஒரு சொல், ஒரே ஒரு சொல்.

மைக்கு லெட்டர்பேடு கையில் இருந்தது.

“எட்டு குடும்பம்!” என்று முழங்கினான் அவன். “முதன்முதலா இந்த மண்ணுல காலடி வெச்ச எட்டு மூத்த குடும்பம்! அவங்கதான் இந்த மரத்தோட தண்டு! அவங்க இல்லேன்னா நாம இல்ல!”

எனக்குக் கோபம் வருகிறது, இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், பயல் கெட்டிக்காரன். செத்த முகங்களுக்கு உயிர் வந்தது. கைதட்டல் இடியென எழுந்தது. படக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து நடந்ததை எந்தக் காவியத்திலும் பார்த்திருக்கமாட்டீர்கள். கோட்டைவாயில் உடைபட்ட நகருக்குள் படை புகுவது போல, மூத்த குடும்பங்கள் நாங்கள்தான் என்று முப்பது குடும்பங்கள் அந்த எட்டறைக்குள் பாய்ந்தன. “எங்க தாத்தா வீடு இதுதான்!” “மூலை வீடு எங்களுது, காத்து நல்லா வரும்னு அப்பா சொல்வாரு!” தையல்காரர் வலப்பக்கம் இரண்டாவதைப் பிடித்து மனைவியை உள்ளே இழுத்துக்கொண்டார். லெட்டர்பேடு இடப்பக்க வரிசையில் மூன்றாவதில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்று, நெஞ்சில் கைவைத்துப் படத்துக்கு முகம் கொடுத்தான். “எங்க தாத்தா வாழ்ந்த இடம்!”

“அடேய்!” என்று அலறினான் வீரன். மைக்கு இல்லாமலேயே மைதானம் முழுக்கக் கேட்டது. “அது கக்கூஸ்டா! நான் கட்டின கக்கூஸ்! கீழ தோண்டிப் பாருங்கடா, கடைக்கால் இருக்கு!”

 முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பத்து. “மச்சானுக்கு வெயில் ஒத்துக்கல, யாராவது தண்ணி குடுங்க” என்றான் லெட்டர்பேடு. தண்ணீர் வந்தது. மனைவியைப் பார்த்தான் வீரன். அவள் தூரத்தில் கிளையில் ஒரு கல்லைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னையும் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். வில் ஒடிந்து, தேர் ஒடிந்து, தம்ளரில் பாதித் தண்ணீரோடு நின்றான் நம் கொத்தனார்.

அவ்வேளை நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

எழுந்தவள் பொட்டலத்தக்கா. ஆணிக் கம்பெனியில் முப்பது வருடம் ஆணியைப் பொட்டலம் கட்டியவள். எண்பதைத் தாண்டியவள். கூட்டத்தில் மஞ்சள் சீட்டு வாங்கி விசிறிக்கொண்டு தூங்கியவள். கைத்தடியை ஊன்றிக் கூட்டத்தை விலக்கி வந்தாள். இடப்பக்க வரிசைக்கு முன்னால் போய் நின்று தடியால் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. தடி லெட்டர்பேடின் கால்விரலில் இறங்கியது.

“தள்ளுடா. இது பொம்பளைங்க பக்கம்.”

“அக்கா, இது எங்க தாத்தா…”

“உங்க தாத்தா ஏன்டா பொம்பளைங்க கக்கூஸ்ல குடியிருந்தாரு?”

 கல்லடுக்கிக்கொண்டிருந்த கிழவிகளில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். பக்கத்தில் இருந்தவளுக்கு அடக்க முடியவில்லை. “முதல்ல உள்ளதுலதானே பல்லி விழும்?” என்றாள் ஒருத்தி. “நாலாவதுல குழாய் ஒழுகும், சேலையைத் தூக்கிப் புடிச்சுக்கணும்” என்றாள் இன்னொருத்தி. “நீ உள்ள போனா வெளிய வரவே மாட்டியேடி, கதை புஸ்தகமா படிச்சே?” “மாமியார்கிட்ட இருந்து தப்பிக்க அது ஒண்ணுதானேடி எனக்கு இருந்துச்சு!” மரத்தைப் பற்றிப் பேசியபோது ஆளுக்கொன்றாக உளறியவர்கள், இதில் ஒருத்திக்கொருத்தி ஒரு சொல்கூட முரண்படவில்லை. கொத்தனார் மனைவி மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் தோள் குலுங்கிற்று. லெட்டர்பேடின் பிள்ளைகள் ஒவ்வொரு காலாகத் தூக்கி அறையை விட்டு வெளியேறின.

ஆர்த்தது முரசம்! மலர்ந்தது வெற்றி! மாண்ட மாடம் மீண்டது! கொத்தனார் கண்ணில் நீர் முட்ட, கைகூப்பி, தன் வாழ்நாளின் ஒரே சாட்சியை நோக்கி நடந்தான்.

“அக்கா…”

பொட்டலத்தக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீதானே கட்டினே? இந்த மூணாவதுக்கு ஏன்டா தாழ்ப்பாள் வெக்கல? ஒரு கையால கதவைப் புடிச்சுக்கிட்டே பதினெட்டு வருஷம் உக்காந்தேன். தோள்பட்டை இன்னிக்கும் வலிக்குது.”

“காண்ட்ராக்டர் ஏழு தாழ்ப்பாள்தான் குடுத்தான் அக்கா.”

“ஆணிக் கம்பெனியில இருந்துக்கிட்டு ஒரு ஆணியை வளைச்சு அடிக்கத் தெரியாதா உனக்கு?”

“சொல்லியிருந்தா…”

“உன்கிட்ட வந்து எதைடா சொல்றது, கக்கூஸ்ல தாழ்ப்பாள் இல்லைன்னா? அதைச் சொல்ற காலமா அது?”

 அவன் எதையோ சொல்லிக் கையை ஆட்டினான். அவளும் தடியை ஆட்டினாள். அப்படியே மேலிருந்து அவர்கள் படம் பிடிக்கப்பட்டார்கள். பதினைந்து நாள் கழித்து மைதானத்து ஓரத்தில் ஒரு பலகை வந்தது. ‘எட்டு மூத்த குடும்பங்களின் நினைவாக’ என்று தலைப்பு. அதன் கீழே அந்தப் படம்: ‘பெரியவர்கள் தங்கள் மரத்தின் நினைவுகளை மகிழ்வோடு பகிர்ந்துகொள்கிறார்கள்’. அது வருவதற்கு முன்பே படக்காரம்மாவிடம் போய்ச் சொன்னோம், பலகை அச்சுக்குப் போய்விட்டதாம். ஆனால் கக்கூஸ் விஷயம் ரொம்ப ஆழமான விஷயம் என்றாள், அடுத்த படத்தில் எங்கேயாவது வைப்பாளாம். பலகை வந்த மறுநாள் கொத்தனார் ஒரு பழைய ஆணியை வளைத்து எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். கதவு இல்லாத இடத்தில் அதை எங்கே அடிப்பது என்று தெரியாமல் மூன்றாவது கட்டத்துக்குள் வெகுநேரம் நின்றான். பிறகு செங்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சங்கத்துப் பெண் ஒருத்தி ஒரு தாளோடு என்னிடமும் வந்தாள். நீங்களும் ஒரு செங்கல் வைத்ததாக எழுதியிருக்கிறது, இந்த நிகழ்ச்சி உங்களுக்குள் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றாள். நான் செங்கல் வைக்கவில்லை, அங்கே மரமும் இல்லை என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நாலு என்று எழுதிக்கொண்டாள். எனக்கு முழங்கால் வலித்தது, நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.